உங்களுக்குத் தெரியுமா? கோட்டையைக் காப்பது களஞ்சியம்!

கணினியில் கோட்டை கட்டி ஆடும் விளையாட்டு என்றதும் அம்பு மழையும் மதில் ஏறும் வீரர்களும்தான் கண்முன் வருவார்கள். ‘ஸ்ட்ராங்ஹோல்டு’ ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொடக்க நேரமெல்லாம் ஆப்பிள் தோட்டம், மரவெட்டி, ரொட்டி அடுமனை என்றே ஓடிவிடும் என்பார்கள். எதிரி வாசலுக்கு வருவதற்குள் வெற்றி தோல்வியில் பாதி முடிவாகியிருக்கும். இடைக்கால ஐரோப்பாவின் உண்மைக் கோட்டைகளுக்கும் இதே கணக்குதான். விளையாட்டிலிருந்து கொஞ்சம், வரலாற்றிலிருந்து கொஞ்சம், இதோ.

★ நகரம் கட்டியவர்கள் கோட்டைக்கு வந்தார்கள்

ஸ்ட்ராங்ஹோல்டு 2001-இல் வெளியானது. உருவாக்கியது லண்டனைச் சேர்ந்த ஃபயர்ஃபிளை ஸ்டூடியோஸ். அதன் நிறுவனர்களில் ஒருவரான சைமன் பிராட்பரி, ரோமானிய நகரம் கட்டும் ‘சீசர்’ விளையாட்டில் நிரல் எழுதியவர். இன்னொரு நிறுவனர் டேவிட் லெஸ்டர், சீசரைத் தந்த இம்ப்ரஷன்ஸ் கேம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். போர் விளையாட்டுக்குள் மாவு மில்லும் சாராயக் கடையும் எப்படி நுழைந்தன என்பதற்கு இந்தப் பூர்வீகமே பதில். இதன் தொடர்ச்சியாக, பாலைவனத்தில் நடக்கும் ‘க்ரூசேடர்’ 2002-இல் வந்தது. ரசிகர்கள் விடாமல் ஆடியதால் முதல் விளையாட்டு 2023-இலும் க்ரூசேடர் 2025-இலும் புதுப்பொலிவோடு மறுபடி வெளியாயின.

★ எல்லாம் 50-இல் இருக்கிறது

ஸ்ட்ராங்ஹோல்டில் உங்கள் தலையெழுத்தை நிர்ணயிப்பது ஓர் எண்: மக்கள் ஆதரவு. அது 50-க்கு மேல் இருந்தால் புதிய குடிகள் ஒவ்வொருவராக வந்து, அரண்மனை முன் எரியும் தீயைச் சுற்றி உட்கார்ந்து வேலைக்குக் காத்திருப்பார்கள். 50-க்குக் கீழே போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். போகிறவர் ரொட்டி சுடுபவராக இருந்தால் அடுப்பு அணையும், ரொட்டி குறைந்தால் ஆதரவு இன்னும் சரியும், அடுத்தவரும் கிளம்புவார். எதிரி ஓர் அம்புகூட விடாமல் கோட்டை காலியாகும் வழி இது. உணவு, வரி, சாராயம், தேவாலயம், தண்டனை மரம், குடியிருக்க வீடு எல்லாமே அந்த ஓர் எண்ணில் வந்து சேர்கின்றன.

★ இடது கையால் கொடு, வலது கையால் எடு

உணவுப் பங்கீட்டை வழக்கமான அளவில் வைத்தால் ஆதரவு கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இரட்டிப்பாக்கினால் 8 புள்ளி ஏறும். பாதியாக்கினால் 4 போகும், அறவே நிறுத்தினால் 8 போகும். கை தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதலில் வயிற்றை நிரப்பி, சாராயக் கடையைத் திறந்து, தேவாலயம் கட்டி, ஆதரவை மேலே ஏற்றுவார்கள். பிறகுதான் வரியில் கை வைப்பார்கள். வரியைக் கூட்டியதால் விழும் புள்ளிகளை ரொட்டியும் சாராயமும் ஈடுகட்டிவிடும். பொன் வேண்டுமென்றால் முதலில் கோதுமை விதைக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் பாலபாடம். களஞ்சியத்தில் ஆப்பிள், பாலாடைக்கட்டி, இறைச்சி, ரொட்டி என்று வகை கூடினாலும் தனிப் புள்ளி உண்டு.

★ ஒரு ரொட்டிக்கு எத்தனை நடை?

வயலில் விளைந்த கோதுமை கிடங்குக்குப் போகும். அங்கிருந்து மாவு மில்லுக்கு, மறுபடி கிடங்குக்கு, பிறகு ரொட்டி அடுமனைக்கு, கடைசியில் களஞ்சியத்துக்கு. ஒவ்வொரு நடையையும் ஓர் ஆள் தோளில் சுமந்து, திரையில் நாம் பார்க்க, நடந்தே கடக்கிறான். அடுமனையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிவிட்டு ‘ரொட்டி போதவில்லையே’ என்று புலம்புவது புதியவர்களின் வாடிக்கை. கிடங்கு, மில், அடுமனை, களஞ்சியம் நான்கையும் நெருக்கமாக வைத்தால் அதே ஆட்களைக் கொண்டு கூடுதல் ரொட்டி எடுக்கலாம்.

★ வீட்டுத் திருகைக்குத் தடை!

விளையாட்டில் மில் பிரபுவுக்குச் சொந்தம். வரலாற்றிலும் அப்படியே. பிரபுவின் மில்லில்தான் மாவு அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்க வேண்டும் என்று பல ஊர்களில் கட்டாயம் இருந்தது. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் நிலமும் மில்லும் மடத்துக்கு உரியவை. மக்கள் வீட்டிலேயே கைத்திருகையில் அரைக்கத் தொடங்கியதும், 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மடத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்டு அந்தத் திருகைகளைப் பறிமுதல் செய்தார். அத்தோடு விடவில்லை, அந்தக் கற்களையே மடத்துக் கூடத்தின் தரையில் பதித்தார். 1381-இல் உழவர் கலகம் வெடித்தபோது ஊர் மக்கள் மடத்துக்குள் புகுந்து, தரையைப் பெயர்த்து, கற்களை உடைத்து ஆளுக்கொரு துண்டாக எடுத்துப் போனார்கள். மில் வருமானத்துக்குப் பின்னால் எத்தனை வருடக் கோபம் சேர்ந்திருந்தது என்பதை அந்தத் துண்டுகள் சொல்லும்.

★ ரொட்டியின் விலை மாறாது, எடை மாறும்

13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரொட்டிக்கும் ஏல் என்ற சாராயத்துக்கும் தனிச் சட்டம் இருந்தது. ரொட்டியின் விலையை அது நிலையாக வைத்தது. தானிய விலை ஏறினால் அதே காசுக்கு விற்கும் ரொட்டியின் எடையைக் குறைத்துக்கொள்ளலாம். எவ்வளவு குறைக்கலாம் என்பதற்குப் பட்டியலும் உண்டு. அதற்கும் கீழே எடை குறைத்தவர்களுக்கு அபராதம். திரும்பத் திரும்பச் செய்தால் ஊர் நடுவே தண்டனைக் கட்டையில் நிற்க வேண்டும்.

★ ஹாப்ஸ் எங்கே வந்தது?

ஸ்ட்ராங்ஹோல்டில் சாராயம் வேண்டுமென்றால், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடிக்குத் தோட்டம் போட வேண்டும். வரலாற்று ஆசிரியர்கள் இங்கே புருவம் உயர்த்துவார்கள். இடைக்கால இங்கிலாந்தின் ஏல், மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தையும் தண்ணீரையும் நொதிக்க வைத்துச் செய்தது; ஹாப்ஸ் இல்லை. கடலுக்கு அப்பாலிருந்து ஹாப்ஸ் சேர்த்த பீர் வந்து அங்கே வேரூன்றியது 15-ஆம் நூற்றாண்டில்தான். ஹாப்ஸ் சேர்க்காத ஏல் சில நாட்களிலேயே புளித்துவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சி அவ்வப்போது விற்றார்கள். வீட்டிலிருந்தபடியே காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

★ தூக்குமரமா, பூந்தோட்டமா?

தூக்குமரம், சித்திரவதைக் கூடம், தண்டனைக் கட்டை ஆகியவற்றை ஊருக்குள் நட்டால் ஸ்ட்ராங்ஹோல்டு மக்கள் பயந்து வேகமாக வேலை செய்வார்கள், உற்பத்தி கூடும், ஆனால் ஆதரவு சரியும். தோட்டம், குளம், சிலை என்று அழகுபடுத்தினால் ஆதரவு ஏறும், வீரர்களும் உற்சாகமாகச் சண்டையிடுவார்கள்; வேலையாட்கள்தான் அடிக்கடி ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரு விலை உண்டு. இரண்டையும் கலந்து கட்டினால் ஒன்றை ஒன்று கழித்துவிடும், செலவுதான் மிச்சம்.

★ பாலாடைக்கட்டியா, தோல் கவசமா?

குறுக்குவில் வீரன் ஒருவனைச் சேர்க்க, குறுக்குவில்லும் தோல் கவசமும் வேண்டும். கவசம் செய்கிற தோல் பதனிடுபவன் மாட்டுக்கு எங்கே போவான்? நேராக உங்கள் பால் பண்ணைக்குத்தான். அவன் ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் களஞ்சியத்துக்கு வரும் பாலாடைக்கட்டி குறையும். படை பெருக்கும் ஆர்வத்தில் பதனிடும் கூடங்களாகக் கட்டித் தள்ளிவிட்டு, உணவு வகை ஒன்று குறைந்தது ஏன் என்று தேடுபவர்கள் உண்டு.

★ போப்பாண்டவர் தடுத்த ஆயுதம்

குறுக்குவில்லைக் கிறிஸ்தவர்கள் மீது பயன்படுத்தக் கூடாது என்று 1139-இல் ரோமில் கூடிய இரண்டாம் லாத்தரன் சபை தடை விதித்தது. யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. க்ரூசேடர் விளையாட்டில் வருகிற ‘சிங்க இதய’ ரிச்சர்டு மன்னரின் உயிரைக் குடித்ததும் குறுக்குவில்தான். 1199 மார்ச் மாதம் பிரான்சின் ஷாலூ-ஷாப்ரோல் என்ற சிறிய கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். ஒரு மாலை, உடம்பில் கவசமில்லாமல் மதிலைப் பார்வையிடப் போனார். மேலே ஒரே ஒரு வீரன், வறுக்கும் இரும்புச் சட்டியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நின்றான் என்றும், அந்தக் காட்சியை மன்னர் ரசித்தார் என்றும் சொல்வார்கள். அடுத்து வந்த அம்பு தோளில் பாய்ந்தது. புண் அழுகி, ஏப்ரல் 6 அன்று இறந்தார்.

★ பிரபு போனால் ஆட்டம் காலி

சதுரங்கத்தில் ராஜா போல, ஸ்ட்ராங்ஹோல்டில் பிரபு. மதில் முழுக்க இடிந்தாலும், ஊர் எரிந்தாலும் ஆட்டம் தொடரும். பிரபு வெட்டுப்பட்ட நொடியில் எல்லாம் முடிந்தது. பத்து மூட்டை மாவு கிடங்கில் இருந்தாலும் பயனில்லை.

★ கொதிக்கும் எண்ணெய்: சினிமா அதிகம், செலவு அதைவிட அதிகம்

விளையாட்டில் சதுப்பு நிலத்திலிருந்து எடுத்த தாரைக் காய்ச்சி, பொறியாளர்கள் குடம் குடமாக மதிலிலிருந்து ஊற்றுவார்கள். அகழிபோல் வெட்டிய பள்ளத்தில் தாரை நிரப்பி, எதிரி நடுவே வரும்போது வில்லாளிகளைத் தீ அம்பு விடச் சொல்லலாம். நிஜக் கோட்டைகளில் எண்ணெய் ஊற்றியது அபூர்வம். சமைக்கவும் விளக்கெரிக்கவும் வேண்டிய பொருள், விலையும் அதிகம். கொதிக்கும் தண்ணீர், பழுக்கக் காய்ச்சிய மணல், சுண்ணாம்பு, கற்கள் ஆகியவைதான் கைவசம் இருந்தவை. மணல் கவச இடுக்குகளில் புகுந்துவிட்டால் தட்டிவிடவும் முடியாது.

★ கோட்டையைச் சரித்த 40 பன்றிகள்

ஸ்ட்ராங்ஹோல்டில் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் ஆட்களை அனுப்பலாம். அதற்கு ஓர் உண்மைக் கதை இங்கிலாந்தின் ரோசெஸ்டரில் இருக்கிறது. 1215 இலையுதிர் காலத்தில், கலகக்காரப் பிரபுக்கள் பிடித்து வைத்திருந்த அந்தக் கோட்டையை ஜான் மன்னர் முற்றுகையிட்டார். கல்லெறி பொறிகள் பலிக்கவில்லை. மூலைக் கோபுரத்தின் அடியில் சுரங்கம் தோண்டி, மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தார்கள். நவம்பர் 25 அன்று மன்னரின் ஓலை போனது: கொழுத்த, சாப்பாட்டுக்கு அவ்வளவாக உதவாத 40 பன்றிகளை இரவு பகல் பாராமல் உடனே அனுப்புங்கள். பன்றிக் கொழுப்பைக் கொண்டு முட்டுக்களுக்குத் தீ வைத்ததும் கோபுரத்தின் ஒரு மூலை பொலபொலவென்று சரிந்தது.

உள்ளிருந்தவர்கள் அப்போதும் பணியவில்லை. கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். குதிரைகளையும் தின்று தீர்த்த பிறகு, நவம்பர் 30 அன்று சரணடைந்தார்கள். பன்றிகள் சாய்த்தது சுவரை. ஆட்களைச் சாய்த்தது பசி. இன்றும் ரோசெஸ்டரில் மூன்று மூலைகள் சதுரமாகவும், பின்னாளில் திருப்பிக் கட்டிய நான்காவது மூலை வட்டமாகவும் இருப்பதைப் பார்க்கலாம்.

★ ஏரிக்குள் ஒரு கோட்டை

சுரங்கத்துக்கு மாற்று மருந்து தண்ணீர். கெனில்வொர்த் கோட்டையைச் சுற்றி ஓடைகளை அணைகட்டித் தேக்கி, பரந்த ஏரியே உருவாக்கியிருந்தார்கள். 1266-இல் மூன்றாம் ஹென்றியின் படை வந்தது. தோண்ட வழியில்லை. செஸ்டரிலிருந்து படகுகளை வரவழைத்துத் தண்ணீர் வழியாகத் தாக்கியும் பலிக்கவில்லை. ஜூனில் தொடங்கிய முற்றுகை டிசம்பர் வரை இழுத்தது. கடைசியில் உணவு தீர்ந்து, நோய் பரவி, உள்ளிருந்தவர்களே கதவைத் திறந்தார்கள்.

★ ‘இப்போது சரணடையாதீர்கள்!’

1304-இல் முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையை முற்றுகையிட்டார். எதிர்எடையால் இயங்கும் ட்ரெபுஷெட் என்ற கல்லெறி பொறிகள் பல அங்கே நின்றன. எதிர்எடைக்கு ஈயம் போதாமல், சுற்று வட்டாரத் தேவாலயங்களின் கூரைத் தகடுகளைப் பெயர்க்க உத்தரவு போனது. பலிபீடத்துக்கு மேலே உள்ள கூரையை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் பெரிய பொறிக்கு ‘வார்வுல்ஃப்’ என்று பெயர். அதைக் கட்டி முடிக்கும் நேரத்தில் கோட்டைக்குள் இருந்தவர்கள் சரணடைய முன்வந்தார்கள். எட்வர்டு ஏற்கவில்லை! இவ்வளவு செலவில் செய்த பொறியை ஒரு முறையாவது அடித்துப் பார்க்க வேண்டாமா? அரச குடும்பத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்கத் தனி மாடமே அமைத்திருந்தார்கள். வார்வுல்ஃப் மதிலைப் பெயர்த்த பிறகுதான் சரணாகதி ஏற்கப்பட்டது.

★ பறந்து வரும் மாடு

ஸ்ட்ராங்ஹோல்டில் நோய்ப்பட்ட மாட்டை எதிரிக் கோட்டைக்குள் எறியலாம். விழுந்த இடத்தில் நோய்ப் புகை கிளம்பும். சிரிப்புக்காகச் சேர்த்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1340-இல் பிரான்சின் வடக்கே தூன் லெவெக் கோட்டைக்குள் செத்த குதிரைகளை எறிந்தார்கள் என்று வரலாற்றாளர் ஃப்ருவாசார் எழுதியிருக்கிறார். கோடை வெயிலில் நாற்றம் தாங்காமல் உள்ளிருந்தவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்களாம்.

★ ‘பயனற்ற வாய்கள்’

ரிச்சர்டு மன்னர் பிரான்சில் பெரும் பொருட்செலவில் கட்டிய ஷாத்தோ கயார் கோட்டை, 1196-இல் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் எழுந்தது. அவர் இறந்த பிறகு, 1203-இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஃபிலிப் அதை முற்றுகையிட்டார். அடிவாரத்து ஊர் மக்கள் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். தளபதி ரோஜர் டி லேசி களஞ்சியத்தைக் கணக்குப் பார்த்தார். சண்டைக்கு உதவாதவர்களை வெளியே அனுப்பினார். முதலில் போனவர்களைப் பிரெஞ்சுப் படை வழிவிட்டு அனுப்பியது. பிறகு ஃபிலிப் தடுத்துவிட்டார். உள்ளே ஆள் கூடினால்தானே சோறு சீக்கிரம் தீரும்? கடைசியாக வெளியேறிய சில நூறு பேருக்கு முன்னாலும் வழியில்லை, பின்னால் கதவும் திறக்கவில்லை. நடுக்குளிரில், இரு தரப்புக்கும் இடையே, புல்லையும் கிடைத்ததையும் தின்றார்கள்; பலர் மடிந்தார்கள். பின்னர் ஃபிலிப் மனமிரங்கி மிஞ்சியவர்களுக்கு உணவு கொடுத்து விடுவித்தார். 1204 மார்ச்சில் கோட்டை வீழ்ந்தது. பங்கீட்டுப் பட்டையைப் பாதிக்கு இழுக்கும் சொடுக்கு திரையில் ஒரு நொடி வேலை. ஷாத்தோ கயாரில் அதற்கு இத்தனை முகங்கள் இருந்தன.

★ 36 பேர் போதும்

புதிதாக ஆடுபவர்கள் மதில் முழுக்க வில்லாளிகளை நிரப்புவார்கள். வேல்ஸ் கடற்கரையில் உள்ள ஹார்லெக் கோட்டையின் அமைதிக்காலப் படைக்கு வகுத்த எண்ணிக்கை 36 மட்டுமே. அதற்குள் குறுக்குவில்லாளர் பத்துப் பேர், ஒரு பாதிரியார், ஒரு கொல்லர், ஒரு தச்சர், ஒரு கல்தச்சர் அடக்கம். குறைந்த ஆட்கள் என்றால் குறைந்த வாய்கள். கோட்டையிலிருந்து கடலுக்கு இறங்க 108 படிகள் உண்டு. வேல்ஸ் மக்களின் 1294-95 கிளர்ச்சியின்போது நிலப்பக்கம் அடைபட்டாலும் அந்தப் படிவழியே சாமான்கள் வந்து சேர்ந்தன. பின்னாளில் இங்கிலாந்து அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களில் இதே கோட்டை 1461 முதல் 1468 வரை தாக்குப்பிடித்தது.

★ கடிதம் பிடித்த கோட்டை

சிரியாவில் உள்ள கிராக் தெ ஷெவாலியே, சிலுவைப் போர்க் காலக் கோட்டைகளில் பெயர் பெற்றது. இரட்டை மதில், சரிந்த அடித்தளம், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் உண்டு. 1271-இல் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் வெளி மதிலைத் தாண்டினார். உள் கோட்டையில் ஹாஸ்பிட்டலர் என்ற கிறிஸ்தவத் துறவிப் படையின் வீரர்கள் இருந்தார்கள். ‘சரணடையுங்கள்’ என்று அவர்களுடைய மேலிடம் எழுதியது போன்ற ஒரு கடிதம் உள்ளே போனது. அது போலி என்பார்கள். கதவு திறந்தது.

★ 650 கல், தமிழ் மன்னர், உருமி

1999-இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டில் ஒரு கோட்டைக்கு விலை 650 கல். அந்தக் கல்லைத் தோண்டும் ஆட்களை வயலிலிருந்தும் காட்டிலிருந்தும்தான் எடுக்க வேண்டும். கோட்டை எழும்வரை சோறும் மரமும் குறையும். அதே ஆட்டத்தின் ட்ரெபுஷெட், கோட்டையின் அம்பு எட்டாத தூரத்திலிருந்தே அடிக்கும். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் போதாது. வெளியே போய் அந்தப் பொறியை உடைக்கக் குதிரைப் படை தேவை. 2022-இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர்கள் தனி நாகரிகமாகச் சேர்ந்தார்கள். உருமி என்ற வளையும் வாளைச் சுழற்றும் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளைச் சொல்லும் தொடர் ஆட்டம் எல்லாம் உண்டு. தென்னிந்தியா உலகுக்குத் தந்த ஊட்ஸ் எஃகும் ஆராய்ச்சிப் பட்டியலில் இருக்கிறது. கற்றால் எதிரியின் கவசம் உங்கள் வாளுக்கு முன் எடுபடாது.

★ இன்றும் ஒரு கோட்டை எழுகிறது

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் கெதலோன் என்ற காட்டுக்குள், 13-ஆம் நூற்றாண்டு முறையில் ஒரு கோட்டையை 1997 முதல் கட்டி வருகிறார்கள். கல் அங்கேயே வெட்டுகிறார்கள், மரம் அந்தக் காட்டிலிருந்தே வருகிறது. பெரிய மரச் சக்கரத்துக்குள் ஆள் நடந்து நடந்து பாரம் தூக்குகிறார். இங்கே பிரபுவும் இல்லை, வரியும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் நுழைவுக் கட்டணத்தில் கூலி போகிறது.

★ சம்பளம் வரவில்லை, மன்னரே!

ஸ்ட்ராங்ஹோல்டு வீரர்கள் சொக்கத் தங்கம். சேர்க்கும்போது பொன்னும் ஆயுதமும் கொடுத்தால் போதும், அப்புறம் மாதச் சம்பளம் கேட்கவே மாட்டார்கள். நிஜத்தில் கோட்டை கட்டியவர்கள் கேட்டார்கள். வேல்ஸின் பியூமாரிஸ் கோட்டைக்கு 1295-இல் கால்கோள் இட்டவர் அதே முதலாம் எட்வர்டு. கட்டுமானத் தலைவர் ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ் 1296 தொடக்கத்தில் எழுதிய கடிதத்தில் தேவைகள் அடுக்கடுக்காக வருகின்றன: 400 கல்தச்சர்கள், 2,000 சாதாரண வேலையாட்கள், 200 கல்லுடைப்போர், 30 கொல்லர்கள், 100 வண்டிகள், 60 பாரவண்டிகள், கல்லும் நிலக்கரியும் கொண்டுவர 30 படகுகள். வாரத்துக்கு 250 பவுண்டு வேண்டும். கூலி பாக்கி நிற்கிறது, பிழைக்க வழியில்லாத ஆட்களை நிறுத்தி வைப்பது பெரும்பாடாக இருக்கிறது என்றும் அதில் சொல்கிறார்.

பணம் ஸ்காட்லாந்துப் போருக்குத் திரும்பியது. வேலை இழுத்தடித்து, 1330 வாக்கில் நின்றே போனது. அதுவரை ஆன செலவு 15,000 பவுண்டு அளவில். கோபுரங்கள் திட்டமிட்ட உயரத்தை எட்டவே இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக மதில் எழுப்பும் கலையில் பிரிட்டனிலேயே கச்சிதமான வடிவம் என்று நிபுணர்கள் புகழும் கோட்டை அது. வரைபடத்தில் ஒரு குறையும் இல்லை; கருவூலம்தான் கைவிட்டது. அடுத்த ஆட்டத்தில் இரண்டாவது மதிலுக்குக் கல் அடுக்கும் முன், களஞ்சியத்தையும் கஜானாவையும் ஒரு முறை சொடுக்கிப் பாருங்கள்.